தூண்டில்காரர்களுக்கும் கடலில் பங்கு கேட்கலாமா? மண்டபம், பாம்பன் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஞாயிறு தூண்டில்

வணக்கம். ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைத்தால் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, சில சமயம் மூக்கையூர் வரைக்கும் போய்விடுவேன். வாட்ஸ்அப் குழுவில் 38 பேர் இருக்கிறோம். மதுரை, பரமக்குடி, காரைக்குடி ஆட்கள்தான் அதிகம், கடற்கரை ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்கூடத் தேற மாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர் ஒரு வள்ளத்தை வாடகைக்குப் பேசி தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போனோம். நண்பன் ஒருவனுக்கு 11 கிலோ பாறை மீன் விழுந்தது. அரை மணி நேரம் போராடி ஏற்றினோம், போட்டோ எடுத்தோம், எல்லாம் சரி. கரைக்கு வந்ததும் அவன் அதை ஏலக்கூடத்தில் நின்ற ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டான். வீட்டில் அவ்வளவு பெரிய மீனை வைத்து என்ன செய்வது என்று அவனுக்கு. அங்கே ஆரம்பித்தது சண்டை. நாட்டுப்படகுக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர், "தொழிலுக்கு வந்தியா, விளையாட வந்தியா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்று கேட்டார். நண்பனுக்குப் பதில் வரவில்லை. மறுநாள் வள்ளக்காரர் போன் செய்து, இனிமேல் உங்களை ஏற்ற வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள், மன்னிச்சுக்கங்க தம்பி என்றார்.

இப்போது குழுவே கொதிக்கிறது. சங்கம் ஆரம்பித்துப் பதிவு செய்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்களுக்குப் பாதிப் பங்கு சட்டப்படி உண்டு, நமக்கு ஏன் இல்லை என்று ஒருவர் எழுதியதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மனுவை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், படித்தால் எனக்கே சரியாகப் படவில்லை. நம் கரையில் யாருக்கு எவ்வளவு மீன் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? இதற்கு முன்னால் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

மதுரை பாப்பர்

நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். கடல் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து? விசைப்படகு ஒரு இழுப்பில் வாரிக்கொண்டு வருவதில் விற்கிற மீன் கொஞ்சம், மீதி கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. விரல் நீளக் குஞ்சுகள் கூடை கூடையாகக் கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைக் கேட்க ஆள் இல்லை. ஒருத்தன் ஒரு தூண்டிலில் ஒரு பாறை பிடித்தால் பத்துப் பேர் கூடுகிறார்கள். நாம் வந்தால் வள்ளத்துக்கு வாடகை, டீக்கடைக்கு வியாபாரம், ரூமுக்கு ஆள். சங்கம் கட்டாயம் வேண்டும். தனி ஆளாகப் போனால் துரத்தத்தான் செய்வார்கள்.

பாம்பன் வத்தை

அண்ணே, நான் அந்த ஊர்க்காரன். சண்டை நடந்தபோது அங்கே இல்லை, ஆனால் சாயங்காலமே கதை முழுக்க என் காதுக்கு வந்துவிட்டது.

முதலில் பங்கு என்ற வார்த்தை. எங்களிடம் பங்கு என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏலம் முடிந்து பணம் கைக்கு வந்ததும் டீசல், ஐஸ், இரைக் காசு கழிப்போம். மிச்சத்தில் படகுக்கு, வலைக்கு, அப்புறம் ஏறின ஆட்களுக்கு என்று பிரியும். காய்ச்சலில் படுத்து வராமல் போனவனுக்கு அன்றைக்குப் பங்கு கிடையாது, என் தம்பியாக இருந்தாலும் கிடையாது. அதனால் நீங்கள் மனுவில் பங்கு என்று எழுதினால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், இல்லையென்றால் கோபப்படுவார்கள்.

இரண்டாவது, 11 கிலோ மீனை விற்றதில் என்ன தப்பு என்று உங்களுக்கு நிஜமாகவே புரியவில்லை என்று நினைக்கிறேன். அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவர்கள். எஞ்சின் வாங்க, வலை வாங்க, மகள் கல்யாணத்துக்கு. அந்தக் கடன் தீரும் வரைக்கும் பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. உங்கள் நண்பர் யாரிடமும் கடன்படாதவர், நேராகப் போய் வெளியூர் வியாபாரியிடம் கிலோவுக்குக் கூடுதல் விலை பேசி, எல்லார் முன்னாலும் பணத்தை எண்ணி வாங்கியிருக்கிறார். அதே காலையில் அதே ரக மீனைக் குறைந்த விலைக்குப் போட்டுவிட்டு நிற்கிறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

இதெல்லாம்கூடப் போகட்டும். ஊர் உங்களைத் தடுத்த காரணம் வேறு. நீங்கள் போன பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு, எங்கள் பெரியப்பா காலத்தில் கண்டுபிடித்தது. கரையில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு குறி வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். பனை விழுந்த பிறகு செல்போன் டவரை வைத்துக்கொண்டார்கள். சொந்தக்காரனிடம்கூடச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆள் ஒருத்தர் வள்ளத்தில் உட்கார்ந்தபடியே போனில் ஜிபிஎஸ் குறி எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஊர் வள்ளம் இரண்டு அதே இடத்தில் நின்றது. இது நடந்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிறு தூண்டில்

நடந்தது. நான் எழுதாமல் விட்டுவிட்டேன், மறைக்க வேண்டும் என்று இல்லை, அதுதான் காரணம் என்று எனக்கு இப்போது வரை தோன்றவே இல்லை. குழுவில் மீன் போட்டோ போட்டால் கீழே இடம் போடுவது வழக்கமாகிவிட்டது.

மூன்று மைல்

சட்டம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுத்தே பாதி ஆயுள் கழிந்தவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கிலோ கணக்கில் இந்த மீனில் இவருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் முறை நம் கரையில் கிடையாது. நாட்டுப்படகுக்கும் இல்லை, விசைப்படகுக்கும் இல்லை. அதனால் "எங்கள் ஒதுக்கீடு எங்கே" என்று கலெக்டரிடம் கேட்டால், யாருக்கும் இல்லாத ஒன்றைக் கேட்கிறீர்கள்.

ஆனால் பங்கீடே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கடலைப் பிரித்திருப்பது தூரத்திலும் நாளிலும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று அதில் ஒதுக்கினார்கள். விசைப்படகு அதைத் தாண்டித்தான் மடி (இழுவலை) இழுக்க வேண்டும். வடகடலில் (பாக் விரிகுடா) அதற்கு மேல் இன்னொரு ஏற்பாடும் உண்டு, விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். ஒரே நாளில் இரண்டும் போய் வலை அறுந்து, அடிதடியாகி, அதிலிருந்து வந்த ஏற்பாடு இது. அப்புறம் மாதக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க வேண்டும். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலை விஷயத்தில்கூடப் பாருங்கள், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதி 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் என்றுதான் வந்தது. எத்தனை டன் என்ற பேச்சே இல்லை.

இந்த விதிகளை மீறுகிறார்களா என்றால் மீறுகிறார்கள். மூன்று மைலுக்குள் மடி இழுக்கும் சத்தம் ராத்திரியில் கரைக்கே கேட்கும். அது தனிக் கதை. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. உங்கள் தூண்டில் விழுகிற இடம் எது? ஐந்தரை கிலோமீட்டருக்குள்தான். அது நாட்டுப்படகுக்கு விட்ட இடம். நீங்கள் பங்கு கேட்டால் அது விசைப்படகிடமிருந்து வராது, இருக்கிறவர்களிலேயே சின்ன ஆளுடைய தட்டிலிருந்துதான் வரும். மதுரை பாப்பர் சொன்ன கோழித் தீவனம், குஞ்சு மீன் எல்லாம் உண்மை, ஆனால் உங்கள் மனு போய் இடிக்கிற ஆள் அவர்கள் இல்லை.

இன்னொன்று, தீவுப் பக்கம் போகிறீர்களா? பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போட்டுவிட்டு, சும்மா பொழுதுபோக்கு சார் என்று சொன்னால் வனத்துறை கேட்காது. கடல்பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களையே அந்தத் தீவுகளில் இறங்கக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள். சங்கம் பதிவு செய்த மறுமாதம் உங்கள் உறுப்பினர் ஒருவர் மனோலித் தீவுப் பக்கம் நின்று எடுத்த போட்டோவை அவரே இணையத்தில் போட்டு மாட்டிக்கொள்வார், அதற்குத் தனியாகச் சாட்சி தேட வேண்டாம்.

ஹூஸ்டன் தொண்டிக்காரன்

அமெரிக்காவில் பாதிப் பங்கு என்று எழுதியது யாரோ தெரியவில்லை, பாதிக் கதைதான் எழுதியிருக்கிறார். நான் 14 வருஷமாக டெக்சாசில் இருக்கிறேன், வருஷத்துக்கு நாலைந்து தடவை இங்கே கடலுக்குப் போகிறவன்.

அவர் சொல்வது மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் என்ற மீனைப் பற்றி. நம்ம சங்கராவுக்குச் சொந்தக்காரன், அதே சிவப்பு, சாப்பிட்டால் ஊர் ஞாபகம் வரும். அதன் மொத்தப் பிடிப்பில் வணிக மீனவர்களுக்கு 51 சதவீதம், எங்களைப் போன்ற தூண்டில்காரர்களுக்கு 49 சதவீதம். 2007 முதல் வணிகப் பக்கத்துப் பங்கைத் தனித்தனி ஆள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அவர்கள் விலை பார்த்து வருஷம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம். பங்கைக் குத்தகைக்கும் விடலாம், கடலில் கால் நனைக்காமலே குத்தகைக் காசு வாங்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

எங்கள் 49 சதவீதத்துக்கு வருவோம். 2017இல் சொந்தப் படகு வைத்திருக்கும் தூண்டில்காரர்களுக்கு மத்திய அரசின் கடல் எல்லையில் முதலில் அறிவித்தது எத்தனை நாள் தெரியுமா? 3 நாள். ஜூன் 1, 2, 3. மழை அடித்தால் அதோடு சரி. ஊரெல்லாம் கத்தின பிறகு 39 நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏன் இப்படி ஆனது என்றால், கட்டுப்பாட்டினால் மீன் பெருகி ஒவ்வொன்றும் எடை கூடிவிட்டது. பங்கு எடைக் கணக்கு, அதனால் முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அதோடு டெக்சாஸ் மாதிரி மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் நீண்ட நாள் திறந்து வைத்து அங்கே பிடிப்பதும் இதே கணக்கில்தான் ஏறும். அந்த மூன்று நாளிலும் மத்திய எல்லையில் ஆளுக்கு 2 மீன், 16 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். வணிக மீனவருக்கு 13 அங்குலம் போதும். இங்கே பாருக்குப் பார் இதே புலம்பல்தான் (மீன் கிடைக்கும் பார் இல்லை, பீர் கிடைக்கும் பார்).

சங்கங்கள் வலுவானவை, பணமும் உண்டு. பங்கைக் கொஞ்சம் ஏற்றி 51.5 சதவீதம்வரை வாங்கிவிட்டார்கள், வணிக மீனவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2017இல் அது ரத்தாகிப் பழைய 49க்கே வந்தது. அதற்கு முன்னாலேயே 2015இல் தூண்டில்காரர் பங்கையே இரண்டாக வெட்டி, வாடகைப் படகில் ஆள் ஏற்றிப் போகிறவர்களுக்குத் தனி, சொந்தப் படகுக்காரர்களுக்குத் தனி என்று ஆக்கினார்கள். இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் 38 பேரில் எத்தனை பேர் வள்ள வாடகை கொடுக்கிறவர்கள், எத்தனை பேர் சொந்த வள்ளம் வாங்கப் போகிறவர்கள் என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைப் பொண்ணு

எல்லாரும் பெரிய பெரிய மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் ஜெட்டியில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறவர்கள் பிடிப்பது உள்ளங்கை அகல விளமீன், ஓரா. போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள், எறும்பு மொய்க்கிறது. போன மாதம் அறுந்த தங்கூசியில் (தூண்டில் நைலான் நரம்பு) கால் மாட்டி ஒரு நாரை தொங்கியது. என் மாமியார்தான் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துப் போய் அறுத்துவிட்டார், கையில் கொத்து வாங்கியதுதான் மிச்சம். இதற்கும் ஒரு வரி மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்.

மதுரை பாப்பர்

தங்கூசியை விட்டுவிட்டு வருவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நான் பிரைடு (பின்னல்) நூல்தான் போடுகிறேன், அதுவும் அறுந்தால் அப்படித்தான் கிடக்கும், சரி.

ஆனாலும் பாம்பன் வத்தை தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். சம்மாட்டி உங்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தால் அது சம்மாட்டியோடு உங்களுக்கு இருக்கிற வழக்கு. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? மீனைப் பிடித்துவிட்டுக் கடலிலேயே போட்டுவிட்டு வர வேண்டுமா?

பாம்பன் வத்தை

சாப்பிடுங்கள் அண்ணே, யார் வேண்டாம் என்றது. ஐந்து பேர் ஐந்து வீட்டுக்குக் குழம்புக்குக் கொண்டு போனால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஏலக்கூடத்துக்குள் கொண்டு வந்தால் அது சரக்கு, சரக்கு என்றால் அதற்குத் தரகு, மகமை (ஊர்ப் பொதுவுக்குக் கழிக்கும் காசு) என்று ஆயிரம் இருக்கிறது, அதெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?

சம்மாட்டி வழக்கு எங்களுடையதுதான், உங்களைத் தீர்க்கச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் கேட்டாரே, தொழிலா விளையாட்டா என்று, அவர் போன வாடைக் காற்றில் எஞ்சின் நின்று ஒரு ராத்திரி முழுக்க அலையில் கிடந்து வந்தவர். அவர் மகன் ஒருவன் விசைப்படகில் போய் இலங்கைக் கடற்படை பிடித்து மூன்று மாதம் கழித்து வந்தான், படகு இன்னும் வரவில்லை. அவர் உங்களிடம் கேட்டது சண்டைக் கேள்வி இல்லை அண்ணே, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். விளையாட்டு என்று சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

வள்ள வாடகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எங்களில் பலருக்கு வேண்டியதுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காற்றுக் காலத்தில் தொழில் படுத்துவிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காசுதான் அரிசி வாங்குகிறது. அதனால் உங்களைத் தடுத்ததில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் ஊருக்கு வாருங்கள். மனு கொடுத்துவிட்டு வந்தால் என் கட்சி தோற்றுவிடும்.

மூன்று மைல்

தம்பி சொல்வதுதான் வழி. போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். 38 பேரும் எந்த நாள், எந்த மீன், எத்தனை, என்ன எடை, எத்தனையைத் திரும்ப விட்டீர்கள் என்று ஒரு வருஷம் எழுதுங்கள். இடத்தை எழுதாதீர்கள், வடகடல், தென்கடல் என்றால் போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கணக்கைக் கொண்டு போய்க் காட்டினால் மீன் தெரிந்த யாராவது உட்கார்ந்து பார்ப்பார்கள். தூண்டில்காரன் எவ்வளவு எடுக்கிறான் என்று ஊரில் ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்கிறார்கள். கூட்டத்தில் எடுத்து நீட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஹூஸ்டன் தொண்டிக்காரன்

நோட்டு விஷயத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பாதிச் சண்டை அதில்தான். வணிக மீன் கரைக்கு வரும்போது எடை போட்டு எழுதிவிடுகிறார்கள். எங்கள் மீனைக் கடிதம், போன், கரையில் நின்று விசாரிப்பது என்று மதிப்பிடுகிறார்கள். எண் வந்ததும் அப்படி நாங்கள் பிடிக்கவே இல்லை என்று கத்துவோம், எவ்வளவு பிடித்தாய் என்று திருப்பிக் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

ஞாயிறு தூண்டில்

நாலு நாள் கழித்து வருகிறேன். குழுவில் இதையெல்லாம் அப்படியே ஒட்டினேன். ராத்திரி இரண்டு மணி வரை சண்டை. 9 பேர் வெளியேறிவிட்டார்கள், அதில் இரண்டு பேர் தனிச் சங்கம் ஆரம்பிக்கப் போவதாகச் சொல்கிறார்கள், ஹூஸ்டன் அண்ணன் வாய் முகூர்த்தம். மனுவை நிறுத்தி வைத்திருக்கிறேன். இடம் போட்ட பதிவுகளை அழிக்கச் சொன்னேன், அழித்தார்கள், ஆனால் எத்தனை பேர் போனில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதை ஊரில் போய் அப்படியேதான் சொல்லப்போகிறேன். மதுரை பாப்பர் இன்னும் சங்கம் வேண்டும் என்கிறார், ஆனால் ஊருக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

விற்றவனிடம் பேசினேன். அந்தப் பணம் இன்னும் அவனிடம் இருக்கிறதாம், செலவு செய்ய மனசு வரவில்லையாம். என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். கோயில் உண்டியலில் போடட்டுமா, அந்த வள்ளக்காரரிடம் கொடுக்கட்டுமா? பாம்பன் வத்தை தம்பி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாம்பன் வத்தை

இரண்டும் வேண்டாம் அண்ணே, இரண்டும் தப்பாகப் போகும். வரும்போது எல்லாருக்கும் டீயும் வடையும் உங்கள் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வராதீர்கள், சனிக்கிழமை வாருங்கள், அது விசைப்படகு போகிற நாள், நாட்டுப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு மேல் வந்தால் பெரியவரும் இருப்பார். ராடு, ரீல் எதையும் எடுத்து வர வேண்டாம்.